குமாஸ்தா செய்த குட்டி வண்டிகள்

சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போகாத குடும்பம் பழனிசெட்டிபட்டியில் இருக்குமா? அம்மனைக் கும்பிட்டு ஆகிவிடும். அக்கினிச்சட்டி பார்த்து ஆகிவிடும். ராட்டினமும் சுற்றி ஆகிவிடும். ஆனால் பொம்மைக் கடையைத் தாண்டுவது மட்டும் லேசில் நடக்காது. கார் வேண்டும் என்று ஒரு பிள்ளை அழும். லாரிதான் வேண்டும் என்று இன்னொரு பிள்ளை தரையில் புரளும். தகப்பனார் பையைத் தடவிப் பார்ப்பார். கடைசியில் குட்டி வண்டி ஒன்று வீடு வந்து சேரும்.

உள்ளங்கையில் அடங்கும் அந்த வண்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. உண்மையான மோட்டார் வண்டியைப் போலவே சின்னதாக உலோகத்தில் வார்த்து, அதை உலகம் எங்கும் பிள்ளைகளின் கையில் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஒருவர். அவர் பெயர் பிராங்க் ஹார்ன்பி. இங்கிலாந்து தேசத்துக்காரர்.

அவர் என்ஜினீயர் அல்ல. கல்லூரி வாசலை மிதித்தவரும் அல்ல. இறைச்சி இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிய குமாஸ்தா. ஆனால் ஒரு விஷயத்தில் மகா பிடிவாதக்காரர். அளவு தவறக் கூடாது என்பதே அந்தப் பிடிவாதம்.

வழியில் நின்ற வண்டி

தேனியிலிருந்து பழனிசெட்டிபட்டி, சின்னமனூர், கம்பம் வழியாகக் குமுளிக்குப் போகும் சாலை நமக்குத் தெரிந்ததுதான். லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறும்போது ஒரு லாரி நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? கிளீனர் குதித்து இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கல்லை வைப்பார். மரக் கொப்பை ஒடித்து ரோட்டில் போடுவார். பின்னால் வருகிற வண்டிக்கு அதுவே எச்சரிக்கை. பிறகு மெக்கானிக்குக்கு ஆள் அனுப்ப வேண்டும். அவர் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

இங்கிலாந்தில் மோட்டார் வண்டி புதிதாக வந்த காலத்தில் இதே தொல்லை அங்கேயும் இருந்தது. அதனால் மோட்டார்காரர்கள் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1897-ல் தொடங்கிய ஒரு சங்கம் பின்னாளில் ஆர்.ஏ.சி. என்று பெயர் பெற்றது. 1905-ல் ஏ.ஏ. என்ற சங்கம் பிறந்தது. சங்கத்தின் ஆட்கள் சாலையில் ரோந்து சுற்றினார்கள். முதலில் சைக்கிளில் போனார்கள். 1920-ஐ ஒட்டி, பக்கத்தில் தொட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் வந்தது. தொட்டிக்குள் ரிப்பேர் சாமான்கள் இருக்கும். ஏ.ஏ. வண்டிக்கு மஞ்சள் நிறம். ஆர்.ஏ.சி. வண்டிக்கு நீல நிறம். வழியோரத்தில் சின்னச் சின்னக் காவல் கூண்டுகளும் எழுந்தன. சங்கத்து அங்கத்தினரிடம் ஒரு சாவி இருக்கும். கூண்டைத் திறந்து, டெலிபோனில் உதவி கேட்கலாம்.

இந்த ரோந்துக்காரர்கள் அங்கத்தினர் வண்டியைக் கண்டால் சல்யூட் அடிப்பார்கள். அது வெறும் மரியாதை அல்ல. அதில் ஒரு தந்திரம் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே மணிக்கு 20 மைலுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. மீறினால் போலீஸ்காரர்கள் மறைந்திருந்து பிடிப்பார்கள். முன்னால் போலீஸ் இருக்கிறது என்று ரோந்துக்காரர்கள் மோட்டார்காரர்களுக்குச் சொல்லி வந்தார்கள். அப்படி எச்சரிப்பது குற்றம் என்று 1910-ல் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ரோந்துக்காரர் சல்யூட் அடித்தால் பயம் இல்லை. அடிக்காமல் நின்றால், வண்டியை நிறுத்தி அவரிடம் காரணம் கேட்க வேண்டும். சல்யூட் அடிக்காததற்காக ஒருவரைத் தண்டிக்க எந்தச் சட்டமும் இல்லை அல்லவா?

மஞ்சள் மோட்டார் சைக்கிள், காவல் கூண்டு, சல்யூட் அடிக்கும் ஆள் ஆகிய எல்லாவற்றையும் 1935-ல் பொம்மையாகச் செய்து விற்றது ஹார்ன்பியின் கம்பெனி. அதற்கு முன் அவர் நடந்து வந்த பாதை நெடியது.

மளிகை வியாபாரியின் மகன்

ஹார்ன்பி 1863-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி லிவர்பூல் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் உணவுச் சாமான் வியாபாரி. பையன் 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். அப்பாவின் வியாபாரத்திலேயே காசாளனாக உட்கார்ந்தான். 1887-ல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியைக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு மகன்கள். ஒரு மகளும் பிறந்தாள்.

1895-ல் நம் பக்கத்தில் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகைக்குத் தண்ணீர் வந்தது. அதே ஆண்டில் லிவர்பூலில் ஹார்ன்பி கணக்கு நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். பாலமும் பாரந்தூக்கியும் கட்டும் ஆசை அவருக்கும் மனதில் உண்டு. ஆனால் அதற்கான படிப்பு இல்லை.

1899-ல் தகப்பனார் காலமானார். வியாபாரம் மூடப்பட்டது. அப்போது ஹார்ன்பிக்கு 36 வயது. மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும். டேவிட் எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளத்தில் குடும்பம் ஓடியது.

மாலையில் வீடு திரும்பியதும் மகன்களோடு உட்கார்ந்துவிடுவார். வீட்டிலேயே சின்னப் பட்டறை ஒன்று வைத்திருந்தார். தகட்டை வெட்டிப் பாலம் செய்வார், தள்ளுவண்டி செய்வார், பாரந்தூக்கி செய்வார். பையன்களுக்கு ஒரே குதூகலம்.

ரயிலில் வந்த யோசனை

ஆனால் ஒரு கஷ்டம் இருந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகத் தகடு வெட்ட வேண்டும். பாலத்துக்கு வெட்டிய துண்டு பாரந்தூக்கிக்கு ஆகாது. பையன்கள் புதிது கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்தின நாள் ஹார்ன்பி நீண்ட ரயில் பயணம் ஒன்றில் இருந்தார். அப்போதுதான் இதற்கு வழி தோன்றியது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். எல்லாப் பொம்மைக்கும் ஒரே மாதிரித் துண்டுகள் பொருந்தினால் என்ன? இன்று பாலமாக இருப்பதை நாளை கழற்றி வண்டியாகப் பூட்டலாம் அல்லவா?

வீட்டுக்கு வந்து வேலையில் இறங்கினார். அரை அங்குல அகலத்தில் தகட்டுப் பட்டைகள் வெட்டினார். ஒவ்வொரு பட்டையிலும் துளைகள் போட்டார். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே சரியாக அரை அங்குலம். எந்தப் பட்டையை எந்தப் பட்டையோடு வைத்தாலும் துளைகள் நேருக்கு நேர் வரும். போல்ட்டைச் செருகி, நட்டை முடுக்கினால் போதும். முதலில் அந்த நட்டையும் போல்ட்டையும்கூடத் தம் கையாலேயே செய்தார்.

நம் வீட்டுப் பெண்கள் கோலம் போடுவதைப் பாருங்கள். முதலில் புள்ளிகளைச் சம தூரத்தில் வைப்பார்கள். பிறகு எந்தக் கோலம் வேண்டுமானாலும் வரும். ஒரு புள்ளி தள்ளிப் போனால் கோலமே கோணிவிடும். ஹார்ன்பியின் துளைகளும் அப்படித்தான்.

ஐந்து பவுன் கடன்

1901-ம் ஆண்டு ஜனவரியில் இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். அதற்குப் பணம் கட்ட வேண்டும். குமாஸ்தாவின் கையில் அது இல்லை. முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுன் கடன் கேட்டார். எலியட்டும் கொடுத்தார்.

பல கம்பெனிகளின் படி ஏறினார் ஹார்ன்பி. தம்முடைய பொம்மையை உற்பத்தி செய்யச் சொல்லிக் கேட்டார். கையால் வெட்டிய தகடுகளைப் பார்த்து யாரும் மதிக்கவில்லை. கடைசியில் எலியட்டே பங்காளியாகச் சேர்ந்தார். ஆபீசுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் கொடுத்தார். பகலில் கணக்கு எழுதினார் ஹார்ன்பி. மிச்ச நேரமெல்லாம் பொம்மைக்கே செலவானது.

1902-ல் முதல் பெட்டி கடைக்கு வந்தது. யந்திரக் கலையை எளிதாக்குவது என்று அதற்குப் பெயர் வைத்தார். பெட்டிக்குள் 16 வகைத் துண்டுகள் இருந்தன. அவற்றைக்கொண்டு 12 பொம்மைகள் கட்டும் விதத்தைச் சொல்லும் தாளும் இருந்தது. 1903-ல் ஏறக்குறைய 1,500 பெட்டிகள் விற்றன. ஆனாலும் லாபம் கிடைக்கவில்லை.

லிவர்பூலில் என்ஜினீயரிங் கற்பித்த பேராசிரியர் ஹெலி ஷா என்பவரிடம் ஹார்ன்பி போனார். பெட்டியைக் காட்டினார். இது பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கிறது என்று பாராட்டி அவர் கடிதம் கொடுத்தார். பட்டம் பெறாத குமாஸ்தாவுக்குப் பட்டம் பெற்ற பேராசிரியர் கொடுத்த அந்தக் கடிதம் பெரிய பலமாயிற்று. 1906-ல்தான் முதன்முதலாக லாபம் வந்தது. ஏழு ஆண்டுப் பாடு அது.

வேலையை விட்டார்

1907-ல் சோதனைக் காலம் வந்தது. பொம்மைக்குக் கிராக்கி கூடிவிட்டது. துண்டுகளைச் செய்து கொடுத்த வெளிப் பட்டறைகளால் ஈடு கொடுக்க முடியவில்லை. சொந்தத் தொழிற்சாலை வேண்டும். அதற்கு முழுநேரமும் உழைக்க வேண்டும். ஹார்ன்பிக்கு வயது 44. அந்த வயதில் நிலையான சம்பளத்தை விடலாமா? எந்தக் குடும்பத் தலைவனுக்கும் தூக்கம் வராத கேள்வி இது.

ஹார்ன்பி வேலையை விட்டார். அதே ஆண்டில் பொம்மைக்கு மெக்கானோ என்ற புதுப் பெயரைப் பதிவு செய்தார். 1908-ல் மெக்கானோ கம்பெனி பிறந்தது. எலியட் அந்தப் புதுக் கம்பெனியில் சேரவில்லை. ஐந்து பவுன் கொடுத்துக் கைதூக்கிவிட்டவர், செல்வம் வந்து குவியும் நேரத்தில் விலகி நின்றார். பாரம் முழுவதும் ஹார்ன்பியின் தோளில் இறங்கியது.

அவர் துணிந்தது வீண்போகவில்லை. 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916-ல் பிள்ளைகளுக்காக மெக்கானோ பெயரில் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். புதுப் பெட்டி வாங்கும் பிள்ளை பழைய பெட்டியை எறிய வேண்டியதில்லை. எந்த ஆண்டுப் பட்டையானாலும் அரை அங்குலத் துளை மாறவில்லை. அண்ணன் விளையாடிய துண்டோடு தம்பியின் துண்டும் பூட்டிக்கொண்டது.

ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர்

1920-ல் சாவி முடுக்கினால் ஓடும் பொம்மை ரயிலை ஹார்ன்பி கொண்டுவந்தார். தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 32 மில்லிமீட்டர் இடைவெளி. உண்மையான ரயிலின் ஓர் அடி, பொம்மையில் 7 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அசலில் ஏறக்குறைய 43-ல் ஒரு பங்கு.

ரயில் வந்தால் ஸ்டேஷன் வேண்டும். ஸ்டேஷன் இருந்தால் போர்ட்டர் வேண்டும், பிரயாணி வேண்டும். 1931-ல் அந்தச் சின்ன மனிதர்கள் வந்தார்கள். ஸ்டேஷன் வாசலுக்கு மோட்டார் வண்டிகள் வேண்டாமா? 1933 டிசம்பரில் ஆறு வண்டிகள் வந்தன. இரண்டு கார், ஒரு லாரி, ஒரு சரக்கு வேன், ஒரு டிராக்டர், ஒரு ராணுவ டாங்கி. மறு ஆண்டு இவற்றுக்கு டிங்கி என்று பெயர் சூட்டினார்கள்.

ரயிலுக்குத் துணையாக வந்த வண்டி ரயிலையே மிஞ்சிவிட்டது! ரயில் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகூடக் காசு சேர்த்து ஒரு டிங்கி கார் வாங்க முடிந்தது. இன்றும் உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் வாங்கும் மாதிரி வண்டிகளில் 43-ல் ஒரு பங்கு என்ற அளவே பெரிதும் வழங்குகிறது. அந்த ரயில் கணக்கு விட்டுச் சென்ற சொத்து அது.

மஞ்சள் வண்டி, நீல வண்டி

1935-ல் டிங்கி வரிசையில் சாலை உதவிக்காரர்கள் சேர்ந்தார்கள். ஆர்.ஏ.சி.க்கு ஒரு பெட்டி, ஏ.ஏ.வுக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் தகரத்தால் செய்த காவல் கூண்டு ஒன்று. தொட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் ஏறிய ரோந்துக்காரர் ஒருவர். கை காட்டி வண்டிகளுக்கு வழி விடும் ஆள் ஒருவர். சல்யூட் அடித்து நிற்கும் ஆள் ஒருவர். பழுதான காரைக் கட்டி இழுக்கும் வண்டியும் அதே ஆண்டு டிங்கி வரிசையில் வந்தது.

ரேஸ் கார் வேகத்தைக் காட்டும். டாங்கி பலத்தைக் காட்டும். இந்தப் பெட்டி காட்டியது வேறு. வழியில் நின்றவனுக்கு உதவி செய்வதும் ஒரு வேலை என்று அது காட்டியது. தரையில் கார் ஓட்டி விளையாடிய பிள்ளை, வண்டி கவிழ்ந்தால் ரோந்துக்காரரைக் கூப்பிட்டது.

கலப்படத்தின் கேடு

அளவில் தவறாத தொழிற்சாலைக்கும் ஓர் இடத்தில் சறுக்கல் உண்டாயிற்று. டிங்கி வண்டிகள் முதலில் ஈயம் சேர்ந்த உலோகத்தில் வார்க்கப்பட்டன. பிறகு துத்தநாகக் கலவைக்கு மாறினார்கள். துத்தநாகத்தோடு அலுமினியமும் சிறிது செம்பும் மக்னீசியமும் சேர்ந்த கலவை அது. உருக்கி, அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தினால் நுணுக்கமான வடிவம் கிடைக்கும். ஆனால் அது மிகவும் சுத்தமாக இருக்க வேண்டும். இம்மியளவு ஈயம் கலந்தாலும் கேடு.

செய்த நாளில் ஒன்றும் தெரியாது. வண்டி பளபள என்று இருக்கும். ஆண்டுகள் போகப் போக உலோகம் உள்ளுக்குள் வீங்கும், விரிசல் விடும், வளையும். கடைசியில் தொட்டாலே உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கி வண்டிகளில் பல இப்படிப் பாழாயின. அதனால் முழுசாக மிஞ்சியவற்றுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை. அசல் அட்டைப் பெட்டியும் சேர்ந்து இருந்தால் மதிப்பு இன்னும் ஏறும். வீட்டில் பழைய ஈயப் பொம்மை கிடைத்தால் அலமாரியில் வையுங்கள். குழந்தை வாயில் வைக்கக் கொடுக்காதீர்கள். ஈயம் நஞ்சு.

கடைசி நாட்கள்

குமாஸ்தா கோடீசுவரர் ஆனார். லிவர்பூலுக்குப் பக்கத்தில் மகல் என்ற ஊரில் மாளிகை வாங்கினார். 1931-ல் கன்சர்வேடிவ் கட்சி சார்பில் எவர்ட்டன் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935-ல் அரசியலை விட்டார். இருதய நோயும் நீரிழிவும் அவரை வாட்டின. 1936 செப்டம்பர் 21-ந் தேதி, 73-வது வயதில் காலமானார். சல்யூட் அடிக்கும் அந்தச் சின்ன மனிதர் கடைக்கு வந்து அப்போது ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது.

அவருக்குப் பின்னும் டிங்கி வண்டிகள் ஓடின. 1960-களில் ஏ.ஏ., ஆர்.ஏ.சி. சங்கங்களின் சிறு வேன்களும் பொம்மையாக வந்தன. அந்தக் காலத்தின் கடைசியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கப்பல் ஏறி நம் நாட்டுக்கே வந்தன. கல்கத்தாவில் அவற்றிலிருந்து வார்த்த வண்டிகளை நிக்கி என்ற பெயரில் விற்றார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் ஹார்ன்பியின் தொழிற்சாலை வெட்டிய அச்சில் வார்த்த காரை ஓட்டினார்கள்.

லிவர்பூலிலோ போட்டி பெருகியது. கம்பெனி கை மாறியது. நஷ்டம் வந்தது. 1979 நவம்பரில் பின்ஸ் ரோட்டுத் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை செய்து வந்த குடும்பங்கள் தவித்தன. உண்மையான ஏ.ஏ. ரோந்துக்காரரின் சல்யூட்டும் 1960-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இன்று அந்தச் சல்யூட் மிஞ்சியிருப்பது பொம்மையின் கையில்தான்.

அரை அங்குலத் துளை மட்டும் இன்றும் மாறவில்லை. முதல் பெட்டியின் பட்டை யாரிடமாவது இருந்தால், அதன் துளை பின்னாளில் செய்த மெக்கானோ பட்டையின் துளைக்கு நேராக வரும். ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்காக வைத்த அளவு அது.

அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் பிள்ளை வண்டி கேட்டு அழுதால், ஒரு நிமிடம் பொறுங்கள். வாங்கிக் கொடுத்த வண்டியைப் பிள்ளை இரண்டாம் நாளே கழற்றிப் போட்டால் அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எது எதோடு பொருந்துகிறது என்று சேர்ந்து பாருங்கள். லிவர்பூல் குமாஸ்தாவும் மாலை நேரங்களில் அதைத்தான் செய்தார்.